தூள் விழாத லேத்

ஆபீஸில் நிப்பு சாருக்கு மேலே ஒரு அதிகாரி இருந்தார். அவர் ஒருநாள் அவசரத்துக்கு நிப்பு சாரின் பேனாவைக் கேட்டு வாங்கி, சுவரில் ஆணி இறக்குகிற மாதிரி ஊன்றி ஒரு கையெழுத்துப் போட்டார். பேனாவின் நிப்பு இரண்டாகப் பிளந்து கொக்கு மாதிரி வாயைத் திறந்துகொண்டது.

"உங்க பேனா சரியில்லையே" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார் அதிகாரி.

பால்பாயிண்ட் பேனாவைக் 'குச்சி' என்றும், அதைப் பிடித்து எழுதுகிறவர்களைக் 'குச்சிக்காரர்கள்' என்றும் இருபது வருஷமாக இகழ்ந்துவந்த மனிதர் நிப்பு சார். அதனால்தான் தெருவில் அவருக்கு அந்தப் பெயர். அவரிடம் போய்ப் பேனா சரியில்லை என்று சொன்னால் எப்படி?

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தின் நடுவில் நின்று சபதம் செய்தார்.

"இனிமே ஃபேக்டரில செஞ்ச பேனாவை இந்தக் கை தொடாது. எனக்கு வேண்டிய பேனாவை நானே செய்யப் போறேன். லேத்துல மாட்டி, ஒவ்வொண்ணா, கடைஞ்சு எடுக்கப் போறேன்!"

அவர் மனைவி வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டு ஒரு கவுனின் விளிம்பை மடித்துக்கொண்டிருந்தாள். தெருவே டெய்லரம்மா என்று கூப்பிடும். குண்டூசிகளுக்கு நடுவே தெளிவாகப் பேசப் பழகியவள்.

"செருப்பைக் கழட்டிட்டு சபதம் பண்ணுங்க. இப்பத்தான் துடைச்சேன்."

சபதம் வாசல் வரைக்கும் போய், செருப்பை விட்டுவிட்டுத் திரும்பி வந்தது.

"லேத்தைப் பின்பக்கத்து ரூம்ல வைக்கப் போறேன்."

"அங்க என் கட்டிங் டேபிள் இருக்கு."

"அதைக் கூடத்துல போட்டுக்கோ. துணி வெட்டுறதுக்கு எந்த இடமா இருந்தா என்ன? நான் செய்யப் போறது கலை."

"அப்ப நான் செய்யுறது?"

"அது தையல்."

டெய்லரம்மா வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சுருண்டையில் குத்தினாள். பேச்சில் முழுக் கவனமும் வைக்க வேண்டும் என்றால்தான் அப்படிச் செய்வாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இது தெரிந்திருக்க வேண்டும். நிப்பு சாருக்கு நிப்புகளைப் பற்றி மட்டும்தான் தெரியும்.

"சரி, ஒரு பேச்சு வெச்சுக்கலாம். நீங்க செஞ்ச பேனாவை வாங்கினவங்க யாராவது, ஒரே ஒருத்தர் போதும், என் முன்னாடி வந்து 'நல்லா எழுதுது'ன்னு சொல்லணும். சொல்லிட்டா ரூம் உங்களுக்கு, நான் வாயே திறக்க மாட்டேன். மழைக்காலம் முடியுறதுக்குள்ள யாரும் சொல்லலைன்னா, மெஷின் வெளியே, டேபிள் உள்ளே."

"ஒருத்தரா? ஊரே வந்து வாசல்ல நிக்கும்."

"வரட்டும். டோக்கன் குடுக்குறேன்."

லேத் என்கிற அந்தக் கடைசல் மெஷின் வந்தது. மூடிப்போன ஏதோ கைப்பிடிக் கம்பெனியில் பழசாகக் கிடந்ததை மினி லாரியில் ஏற்றிவந்து, நான்கு பேர் மூச்சுப்பிடித்துப் பின்பக்கத்து ரூமில் இறக்கினார்கள். டெய்லரம்மாவின் நீளமான டேபிள் கூடத்துக்கு வந்து, அங்கிருந்த நாற்காலிகளையும் மனிதர்களையும் சுவரோடு ஒட்டவைத்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் சாப்பாட்டுத் தட்டில் நூல் கிடப்பது சகஜமாகிவிட்டது.

நிப்பு சார் உழைத்தார். அதை மறுக்க முடியாது. கறுப்பு எபனைட், அதாவது கெட்டி ரப்பர் கம்பியைத் துண்டு போட்டு, லேத்தின் வாயில் மாட்டி, சுற்றவிட்டு, உளியை மெதுவாகக் காட்டினார். சுருள் சுருளாகக் கறுப்புத் தூள் பறந்தது. தலையில் விழுந்தது, காதில் விழுந்தது, காபியில் விழுந்தது. ரப்பர் கருகும் வாசனை வீடெல்லாம் பரவியது. முதல் கம்பி நடுவில் ஓட்டை போடும்போதே பிளந்தது. அடுத்ததில் உடலும் மூடியும் ஒழுங்காக வந்தன. ஆனால் மூடிக்குப் போட்ட திருகு மரைக்கும் உடலுக்குப் போட்ட மரைக்கும் ஒருவரையொருவர் பிடிக்கவில்லை. அதற்கடுத்த பேனாவில் பிடித்துவிட்டது. எந்த அளவுக்கு என்றால், பிறகு பிரிக்கவே முடியவில்லை.

கடைசியில் ஒரு பேனா திறந்தது, மூடியது, எழுதவும் செய்தது. அதைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு நிப்பு சார் தெருவில் ஒரு சுற்று சுற்றிவந்தார். திரும்பி வந்தபோது பையிலிருந்து இடுப்பு வரைக்கும் ஒரு நீல ஆறு ஓடியிருந்தது.

"சட்டையெல்லாம் மை!" என்றாள் டெய்லரம்மா.

"மையைப் பழிக்காதே. உண்மைங்கிற சொல்லுலயே மை இருக்கு. பெருமையில இருக்கு. திறமையில இருக்கு."

"எருமையிலயும் இருக்கு. சட்டையைக் கழட்டுங்க, ஊற வைக்கணும்."

அடுத்தது வாடிக்கையாளர். இங்கேதான் நிப்பு சாருக்குக் கஷ்டம். தன் பேனாவைப் பிடிக்கத் தகுதியுள்ள கை இந்த ஊரில் ஒன்றும் இல்லை என்பது அவர் முடிவு. தெருமுனை டாக்டர் ஆசையாகக் கேட்டார். "உங்க கிறுக்கலுக்குக் கரித்துண்டு போதும்" என்று சொல்லிவிட்டு வந்தார். பேங்க் கேஷியர் கேட்டார். "எண்ணு எழுதுறவனுக்கு எதுக்கய்யா பேனா? எழுத்து எழுதுறவனுக்குத்தான் பேனா" என்று விரட்டிவிட்டார்.

மழைக்காலம் ஓடிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் பக்கத்து வீட்டு ரிட்டையர்டு ஹெட்மாஸ்டருக்கு ஒரு பேனா செய்துகொடுக்க மனமிரங்கினார். ஹெட்மாஸ்டரின் விரல்களை ஒவ்வொன்றாகக் காலிப்பரில் பிடித்து அளந்தார்.

"உங்க கட்டை விரல் ரொம்பத் திமிர் பிடிச்ச விரல்."

"பையன்களைக் கிள்ளிக் கிள்ளி அப்படி ஆயிடுச்சு" என்றார் ஹெட்மாஸ்டர் பணிவாக.

பேனா தயாராகிப் போனது. மறுநாள் காலையிலேயே ஹெட்மாஸ்டர் வந்தார். டெய்லரம்மா கத்திரியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "எப்படி சார் எழுதுது?"

"எழுதுதும்மா. நான் எழுதாதப்பவும் எழுதுது."

அவர் வேட்டி, படுக்கை விரிப்பு, மூக்குக்கண்ணாடிக் கூடு எல்லாவற்றிலும் அது எழுதியிருந்தது. நிப்பு சார் ஹெட்மாஸ்டரையே மேலும் கீழும் பார்த்தார்.

"பேனாவை வெச்சிருக்கத் தெரியணும் சார். அது மூச்சு விடுது."

"மூச்சு விடலாம். ஒண்ணுக்குப் போகக் கூடாது" என்றார் ஹெட்மாஸ்டர்.

டெய்லரம்மா வாய்விட்டுச் சிரித்தாள். நிப்பு சார் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மழை விட்டு விட்டுப் பெய்ய ஆரம்பித்தது. இன்னும் கொஞ்ச நாளில் வெயில் அடித்துவிடும். அப்போதுதான் வக்கீலம்மா வந்தாள். டெய்லரம்மாவின் வெகுநாள் வாடிக்கை. கறுப்புக் கோட்டை வேறு யாரிடமும் தைக்கக் கொடுக்க மாட்டாள். பொய் சாட்சியை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பாள் என்று கோர்ட்டில் பேர்.

"எனக்கு ஒரு பேனா செஞ்சு தாங்க சார். கறுப்பா, ஒல்லியா."

நிப்பு சாருக்குச் சந்தோஷம் பொங்கியது. கறுப்புக் கோட்டில் கசிந்தால் யாருக்குத் தெரியும்? ஆனால் உடனே அவளுடைய வெள்ளைக் கழுத்துப்பட்டை கண்ணில் பட்டது. சந்தோஷம் அடங்கியது.

இரண்டு நாள் யோசித்தார். பிறகு பஸ் பிடித்து ஊரின் அந்தக் கோடிக்குப் போனார். அங்கே ஒரு பேனாக் கடை. கண்ணாடி அலமாரிக்குள், கறுப்பாக, ஒல்லியாக, வக்கீலம்மா கேட்ட மாதிரியே ஒன்று படுத்திருந்தது. ஃபேக்டரிப் பேனா.

சபதம் குறுக்கே வந்து நின்றது. நிப்பு சார் அதை நிதானமாக ஆராய்ந்தார். கை தொடாது என்றுதானே சொன்னோம்? பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து விரித்து, அதைக்கொண்டு பேனாவைப் பிடித்துத் தூக்கினார். கடைக்காரர், சுத்தம் பார்க்கிற ஆள் போலிருக்கிறது என்று மரியாதையாக ஒதுங்கி நின்றார்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, மூடியிலிருந்த கம்பெனிப் பெயரைப் பிளேடால் சுரண்டினார். லேத்தைச் சுற்றவிட்டு, துணியைக் காட்டிப் பளபளப்பு ஏற்றினார். பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தார். கடைந்து எடுத்த பேனா என்றார். கடையில் எடுத்த பேனாதான். நாக்கு லேசாகப் புரண்டதற்காக மனிதனைத் தூக்கிலா போடுவார்கள்?

வக்கீலம்மா எழுதிப் பார்த்தாள். இன்னொரு வரி எழுதினாள். முகம் மலர்ந்தது.

"அடேயப்பா! வெண்ணெய் மாதிரி போகுதே! ரொம்ப நல்லா எழுதுது சார்."

நிப்பு சார் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். இருபது வருஷ இகழ்ச்சி அத்தனையும் அந்த ஒரு பார்வையில் இருந்தது. பொய் சாட்சியைக் கண்டுபிடிக்கிறவளாம்!

டெய்லரம்மா பேனாவை வாங்கித் திறந்தாள். மூடினாள். மறுபடியும் திறந்தாள்.

"மூடி திறக்குதே" என்றாள்.

"திறக்காம?"

"ஒண்ணுமில்ல. உங்க பேனாவாச்சே, அதான் கேட்டேன். சரிங்க. சொன்ன சொல் சொன்னதுதான். ரூம் உங்களுக்கு."

இவ்வளவு சுலபமாக அவள் தோற்றதே இல்லை. வேறு ஒருவனாக இருந்தால் அன்றே பயந்திருப்பான். நிப்பு சார் அன்றைக்கு இரண்டு முறை சாப்பிட்டார்.

ஒரு வாரத்தில் வாசலில் இருந்த 'லேடீஸ் அண்ட் ஜென்ட்ஸ் டெய்லர்' போர்டுக்குக் கீழே இன்னொரு வரி முளைத்தது: 'அளவெடுத்துப் பேனா செய்து தரப்படும்.' டெய்லரம்மாதான் எழுதவைத்தாள். துணி கொடுக்க வருகிற ஒவ்வொருத்தரிடமும் சொன்னாள். "எங்க வீட்டுக்காரர் கை இருக்கே, அது கையே இல்ல. வக்கீலம்மாவைக் கேட்டுப் பாருங்க."

வந்தார்கள். டீச்சர் வந்தாள், நர்ஸ் வந்தாள், நிப்பு சார் விரட்டிவிட்ட கேஷியர் மறுபடியும் வந்தார். எல்லோருக்கும் 'வக்கீலம்மா பேனா மாதிரியே' வேண்டும். நிப்பு சார் எல்லோருடைய விரலையும் காலிப்பரால் அளந்தார். எல்லா அளவுக்கும் ஒரே பேனாதான். மனசுக்குள் அவர்களை நினைத்துச் சிரித்துக்கொண்டார். குச்சிக்காரக் கூட்டம்! கடைந்ததற்கும் கடைக்கும் வித்தியாசம் தெரியாத ஜனம்!

ஆபீஸ் விட்டதும் பஸ்ஸேறிக் கடைக்குப் போவார். வந்து கதவைச் சாத்திக்கொண்டு லேத்தைச் சும்மா சுற்றவிடுவார். அது 'ங்ங்ங்' என்று வெறும் காற்றைக் கடைந்துகொண்டிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து அவர் பெயரைச் சுரண்டிக்கொண்டிருப்பார். ஒரு மூலையில் எபனைட் கம்பிகள் தூசி படிந்து சாய்ந்திருக்கும். சில சமயம் அவர் கண் அந்தப் பக்கம் போகும். போன கண்ணை உடனே திருப்பிக்கொள்வார்.

ஒருநாள் டெய்லரம்மா துடைப்பத்தோடு உள்ளே வந்தாள். பெருக்கினாள். குனிந்து பார்த்தாள்.

"என்னங்க, இப்பல்லாம் தூளே விழுறதில்ல?"

நிப்பு சாருக்கு வியர்த்தது. ஆனால் வாய் கைகொடுத்தது.

"கலை முதிர்ந்துட்டா கழிவு இருக்காது."

"ஓஹோ. நான் இத்தனை வருஷமா வெட்டுறேன், இன்னும் துண்டுத்துணி விழுதே."

"அதான் சொன்னேனே. அது தையல்."

மறுநாள் முதல் தூள் விழுந்தது. பின்கட்டுக் குப்பைக் கூடையில் பழைய தூள் ஒரு பொட்டலம் கிடந்தது. அதைக் காலையில் எடுத்துவந்து தரையில் தூவுவார். அவள் பெருக்கிக் கூடையில் போடுவாள். அவர் மறுபடியும் எடுத்துவந்து தூவுவார்.

"நல்லா விழுது இப்ப" என்றாள் டெய்லரம்மா ஒருநாள் திருப்தியாக.

"வேலை அப்படி."

"என் பச்சை நூல் ஒண்ணு இதுல கிடக்கு. நேத்துப் பெருக்கினப்பவும் கிடந்துச்சு. முந்தாநாளும் பார்த்தேன்."

"நூல் பறக்கும்."

"ஆமாமா, பறக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முட்டாள் பெண் என்று நினைத்துக்கொண்டார் நிப்பு சார்.

அந்த வாரம்தான் டீச்சர் பேனாவோடு திரும்பி வந்தாள்.

"நல்லாத்தான் எழுதுது சார். கழுத்துதான் கொஞ்சம் லூஸா இருக்கு. பிடிச்சுத் தாங்க."

"பிடிச்சா?"

"டெய்லரம்மா சொன்னாங்க, இங்க ஆல்டரேஷன் ஃப்ரீயாம்."

நிப்பு சார் கூடத்தைப் பார்த்தார். டெய்லரம்மா தலையை நிமிர்த்தாமல் துணி வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அளவெடுத்துச் செஞ்சா ஆல்டரேஷன் பண்ணித் தரணுங்க. தொழில் தர்மம். நான் தர்றேனே."

கேஷியர் வந்தார். "வயித்துப் பக்கம் கொஞ்சம் இறக்கணும் சார்." நர்ஸ் வந்தாள். "நான் முன்னைக்கு இப்ப இளைச்சிருக்கேன் சார். விரலும்தான். பேனாவையும் இளைக்க வெச்சுடுங்க." மூன்றாம் வீட்டு அம்மா, பேனா ஒன்றும் வாங்காதவள், எட்டிப் பார்த்து உள்ளே லைனிங் வைப்பார்களா என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

இளைக்கவைக்க நிப்பு சார் முயற்சி செய்தார். நர்ஸின் பேனாவை லேத்தின் வாயில் மாட்டி உளியைக் காட்டினார். ஃபேக்டரிப் பேனாவின் ஓடு முட்டை ஓடு மாதிரி. 'டப்' என்று வெடித்து, ஒரு துண்டு ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போனது. பஸ்ஸேறிக் கடைக்குப் போய்ப் புதுசு வாங்கி, பெயரைச் சுரண்டி, இளைக்கவைத்த பேனா என்று கொடுத்தார்.

"எனக்கு அப்படியேதான் இருக்கு சார்" என்றாள் நர்ஸ்.

"உன் விரல் மறுபடி பெருத்திருக்கு" என்றார் நிப்பு சார் பல்லைக் கடித்துக்கொண்டு.

ஆல்டரேஷன் கூட்டம் பெருகியது. மனுஷன் ஆபீஸில் தூங்கினார். பஸ்ஸில் தூங்கினார். கடைக்காரர் அவரைக் கண்டால் கேட்காமலே கைக்குட்டை விரித்தார். கதவுக்கு வெளியே "சார், என் பேனா ஆச்சா?" என்று குரல் கேட்டால் உள்ளே லேத் சத்தத்தைப் பலமாக வைத்துக்கொண்டு காதைப் பொத்திக்கொண்டார். ஒருநாள் அந்த எபனைட் கம்பியில் ஒன்றை எடுத்துத் தடவிக்கூடப் பார்த்தார். தூள் காபியில் விழுந்த காலம் எவ்வளவு நன்றாக இருந்தது! பேனா கசிந்தது உண்மைதான். ஆனால் கசிந்தது அவர் பேனா.

தப்பிக்க ஒரே வழிதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வலது மணிக்கட்டில் தடிமனாகக் கட்டுப் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்து, முகத்தைச் சுளித்து நின்றார்.

"ஐயையோ, என்னங்க ஆச்சு?"

"கடைஞ்சு கடைஞ்சு நரம்பு போயிடுச்சு. இனிமே கொஞ்ச நாளைக்கு வேலை செய்ய முடியாது. வர்றவங்ககிட்ட சொல்லிடு."

டெய்லரம்மா கத்திரியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். கட்டை மெதுவாகத் தொட்டாள். 'ஸ்ஸ்' என்றார் நிப்பு சார்.

"கொஞ்ச நாளைக்கா? எழுதுற கைங்க இது! இந்த மெஷின்தான் உங்களைக் கெடுத்துச்சு. கை முக்கியமா, கலை முக்கியமா? நீங்களே சொல்லுங்க."

அவள் குரல் தழுதழுத்தது. வாசலில் ஹெட்மாஸ்டர் வந்து நின்றார். டீச்சரும் கேஷியரும் பேனாவும் கையுமாக எட்டிப் பார்த்தார்கள். இத்தனை பேர் ஒரே சமயத்தில் தனக்காக 'உச்' கொட்டுவதை நிப்பு சார் கேட்டதே இல்லை. பரவசம் தலைக்கேறியது.

"கலைக்காக இந்தக் கையையே குடுத்துட்டேன்" என்றார் ஆகாயத்தைப் பார்த்து. "இனி அந்த லேத்தை நான் தொடவே மாட்டேன்."

"கேட்டுக்கிட்டீங்களா சார்?" என்று ஹெட்மாஸ்டரிடம் கேட்டாள் டெய்லரம்மா.

"கேட்டேம்மா" என்றார் ஹெட்மாஸ்டர்.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது நிப்பு சாருக்கு உறைத்தது. அதற்குள் டெய்லரம்மா யாருக்கோ போன் போட்டுவிட்டாள். மதியத்துக்குள் மரப்பொம்மை செய்கிறவர் ஒருத்தர் மினி லாரியோடு வந்து, லேத்தை அலுங்காமல் ஏற்றிக்கொண்டு போனார். எப்போதோ பேசிவைத்த வேகம் அதில் தெரிந்தது. டீச்சரும் கேஷியரும் லாரிக்குக் கையசைத்துவிட்டுக் கலைந்தார்கள். ரூம் காலியாகி, ஜன்னல் வெளிச்சம் முழுசாகத் தரையில் விழுந்தது.

"டேபிளை ஒரு பக்கம் பிடிங்க" என்றாள் டெய்லரம்மா. நிப்பு சார் யோசிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார். கட்டுப் போட்ட கைதான் உறுதியாகப் பிடித்திருந்தது. அதைப் பார்க்காத மாதிரி அவள் மறுபக்கத்தைத் தூக்கினாள்.

டேபிள் ரூம் வாசற்படியில் பாதி உள்ளே, பாதி வெளியே இருக்கும்போது கோட்டு அளவு சரிபார்க்க வக்கீலம்மா வந்து சேர்ந்தாள். விஷயத்தைக் கேட்டு அவள் முகம் வாடிவிட்டது.

"அடப்பாவமே! என் ஜூனியர்களுக்கெல்லாம் இதே பேனா தர்றதா சொல்லியிருக்கேனே. இனிமே நான் எங்க போவேன்?"

"கவலையே படாதீங்க வக்கீலம்மா" என்றாள் டெய்லரம்மா, டேபிளை ஒரு தள்ளுத் தள்ளி உள்ளே விட்டபடி. "இவர் பேனா வாங்குற கடைக்காரருக்கும் நான்தான் சட்டை தைக்கிறேன்."